கால் பட்டதும் அறுபடும் பனி

2022 அக்டோபர் 4, காலை நேரம். உத்தரகண்டில் 5,670 மீட்டர் உயரத்தில் நிற்கும் திரௌபதி கா டாண்டா–2 சிகரத்தின் மேற்பகுதியில் ஒரு பயிற்சிக் குழு ஏறிக்கொண்டிருந்தது. உத்தரகாசியில் 1965-இல் தொடங்கப்பட்ட நேரு மலையேற்றப் பயிற்சி நிலையத்தின் மாணவர்களும் ஆசிரியர்களும் அவர்கள். முந்தைய நாட்களில் விழுந்த புதுப்பனி சரிவில் படிந்திருந்தது. உச்சியை நெருங்கும் இடத்தில் அது பிளந்தது. பிளந்த பனி ஆட்களை வாரிக்கொண்டு இறங்கி, கீழே வாய் திறந்திருந்த பனிப்பிளவுக்குள் பலரைத் தள்ளியது. 29 பேர் இறந்தார்கள். நாள்கணக்கில் தேடியும் இருவரின் உடல் கிடைக்கவில்லை.

இறந்தவர்களில் ஒருவர் சவிதா கன்ஸ்வால். அதே ஆண்டு மே மாதத்தில் எவரெஸ்ட்டையும் மகாலுவையும் 16 நாட்களுக்குள் ஏறி முடித்தவர். அந்தப் பயிற்சிக்கு ஆசிரியராகப் போயிருந்தார். மாணவர்களும் கற்றுக்குட்டிகள் அல்லர். அடிப்படை வகுப்பில் தேறிய பிறகே அவர்கள் சேர்ந்திருந்த மேல்நிலை வகுப்பில் இடம் கிடைக்கும். பனியில் பழக்கமில்லாதவன்தான் பனிச்சரிவில் மாட்டுவான் என்று நினைத்துக்கொண்டு இந்தக் கட்டுரைக்குள் வந்தவர்கள், அந்த நினைப்பை வாசலிலேயே விட்டுவிடலாம்.

பனிச்சரிவைப் பற்றி நம் ஊரில் இருக்கும் சித்திரம் சினிமாவும் செய்திச் சேனல்களும் தந்தது. எங்கோ உச்சியில் ஒரு குமுறல், வெள்ளைப் புகை, கீழே ஓடும் மனிதர்கள். விதி மேலிருந்து வந்து விழுந்தது என்று நாமும் உச்சுக்கொட்டுகிறோம். ஆனால் ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும், பொழுதுபோக்காக மலைக்குப் போய்ப் பனிச்சரிவில் சிக்கியவர்களின் கணக்கை ஆராய்ந்தவர்கள் கண்டது வேறு. பத்தில் ஒன்பது சம்பவங்களில் சரிவை அறுத்துவிட்டது சிக்கியவரின் கால், அல்லது கூட வந்தவரின் கால். குமுறல் சத்தம் மலையைச் சரிக்கும் என்பதும் சினிமாக் கதைதான். நீங்கள் எவ்வளவு உரக்கக் கத்தினாலும் பனி அசையாது. தப்பான இடத்தில் ஒரு எட்டு வைத்தால் அசையும்.

இந்தச் செய்தி பயமுறுத்துவதைவிட அதிகமாகத் தெம்பு தர வேண்டும் என்பது என் எண்ணம். நம் காலால் அறுபடுவது நம் காலால் தவிர்க்கக்கூடியதும் ஆகும். தவிர்ப்பதற்கு முதலில் அந்தப் பனிக்குள் என்ன நடக்கிறது என்று தெரிய வேண்டும்.

அடியில் இருக்கும் அடுக்கு

மலைமேல் கிடக்கும் பனி ஒரே பொருள் இல்லை. ஒவ்வொரு பொழிவும் ஓர் அடுக்கு. நடுவே வந்த வெயில் மேற்பரப்பை உருக்கி மீண்டும் உறையவைத்தால் அது ஒரு கண்ணாடி ஓடு. காற்று நொறுக்கி அடித்துப் படியவைத்தால் அது இறுகிய பலகை. மேகமில்லாத குளிர் இரவில் மேற்பரப்பில் இறகு இறகாகப் படிகங்கள் முளைக்கும். காலையில் வெயிலில் மின்னும்போது அவ்வளவு அழகு. அந்த இறகுகளின் மேல் அடுத்த பொழிவு விழுந்து மூடிவிட்டால், அவ்வளவு மோசமான அடித்தளம் வேறு இல்லை. பல வாரங்கள் அப்படியே உள்ளே கிடக்கும்.

இதைவிடச் சூதான அடுக்கு ஒன்று தரையை ஒட்டி உருவாகிறது. பனிக்கு அடியில் இருக்கும் தரை ஏறக்குறைய 0 டிகிரியிலேயே இருக்கும். மேலே காற்றின் குளிர் கழித்தல் 20 என்று வைத்துக்கொள்வோம். கீழிருந்து மேலே நீராவி கசிந்துகொண்டே இருக்கிறது. 10 சென்டிமீட்டருக்கு 1 டிகிரிக்கு மேல் வெப்ப வேறுபாடு இருந்தால், அந்த நீராவி பனித் துகள்களை உருமாற்றி, முனைகளும் முகங்களும் கொண்ட பருக்கைகளாக ஆக்கிவிடுகிறது. ஒன்றோடு ஒன்று ஒட்டாத பருக்கைகள். கையில் அள்ளினால் விரலிடுக்கில் ஒழுகிவிடும். மலையேறிகள் இதைச் சர்க்கரைப் பனி என்பார்கள். பந்து பிடிக்கப் பார்த்தால் பிடிபடாது.

இங்கே ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். அதே குளிரில், பனி 2 மீட்டர் கனமாகக் கிடந்தால் வேறுபாடு பரவலாகப் பங்கிடப்படும். 40 சென்டிமீட்டர்தான் கிடந்தால் செங்குத்தாக ஏறும். ஆகவே பனி குறைவாக விழுந்த ஆண்டில்தான் அடியில் சர்க்கரை அதிகம் விளையும். "இந்த வருஷம் பனியே இல்லை, பயமில்லாமல் போகலாம்" என்று டிசம்பரில் சொல்லப்படும் ஆறுதல், ஜனவரியில் ஒரு பெரும்பொழிவு வந்ததும் ஆளைக் கொல்லும் ஆறுதலாக மாறலாம். அக்டோபர், நவம்பரில் வெயில் படாத வடக்குச் சரிவுகளில் விழுந்து தங்கிய கொஞ்சம் பனி, வறண்ட டிசம்பர் குளிரில் பருக்கையாகி, அதன் மேல் ஜனவரிப் பொழிவு மீட்டர் கணக்கில் ஏறி உட்காருகிறது.

மேலே இறுகிய பலகை, கீழே ஒட்டாத பருக்கை, அதற்கும் கீழே ஒரு வழுக்குத் தளம். இந்த மூன்றும் போதுமான சரிவில் அமைந்துவிட்டால் மிச்சம் வேண்டியது ஓர் அழுத்தம் மட்டும். ஆள் கால் வைத்ததும் பருக்கை அடுக்கு ஓரிடத்தில் நொறுங்குகிறது. நொறுங்கல் அந்த அடுக்கு வழியே சரிவு முழுவதும் கணநேரத்தில் ஓடுகிறது. நமக்கு மேலே, பல மீட்டர் தள்ளி, ஒரு கோடு கிழிபடுவது தெரியும். அதற்குள் நாம் நிற்கும் பலகையே நகர்ந்துகொண்டிருக்கும். சில விநாடிகளில் அது துண்டுதுண்டாக உடைந்து மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டுவிடும். சரிவின் மேல் கால் வைக்க வேண்டும் என்றுகூட இல்லை. அடிவாரத்துச் சமதரையில் நடந்தாலும் அந்த நொறுங்கல் பக்கத்துச் சரிவுக்குள் ஏறிப் போய் மேலிருப்பதை இறக்கிவிடும்.

எவ்வளவு சாய்ந்தால் ஆபத்து?

பலகைச் சரிவுகள் பெரும்பாலும் 30 முதல் 45 டிகிரி சாய்வில் நடக்கின்றன. 38-ஐ ஒட்டித்தான் அதிகம். 25-க்குக் கீழே பலகை வழுக்குவது அபூர்வம். 55-க்கு மேல் பனி தங்குவதே கடினம், கொஞ்சம் கொஞ்சமாக உதிர்ந்துவிடும். 30 டிகிரி என்றதும் சுவர் மாதிரி நிற்கும் மலை மனதில் வருகிறது. நம் வீடுகளின் மாடிப்படியைப் பாருங்கள். அதன் சாய்வு ஏறக்குறைய 30-தான். ஆபத்தின் வாசல் அவ்வளவு சாதுவாகத் தெரிகிறது. கைபேசியில் இருக்கும் சாய்வுமானியை ஊன்றுகோலின் மேல் வைத்தால் ஒரு நிமிடத்தில் அளந்துவிடலாம். செல்ஃபி எடுக்கும் நேரத்தில் பாதி போதும்.

நாம் நடக்கும் தடம் சமதளமாக இருப்பதும் போதாது. அந்தத் தடத்துக்கு மேலே என்ன தொங்குகிறது என்று பார்க்க வேண்டும். காட்டு நடுவே மேலிருந்து கீழ்வரை மரமே இல்லாமல் ஒரு பட்டை இறங்கியிருந்தால் அது பனிச்சரிவு வழக்கமாக வரும் வழி. மரங்களின் மலைப்பக்கக் கிளைகள் மட்டும் ஒடிந்திருந்தால் அதுவும் சாட்சி. கர்வாலில் மர எல்லையை ஒட்டி வளரும் போஜ்பத்ரா மரங்கள் அடியில் வில்லாக வளைந்து நிற்பதைப் பார்த்தால் பனியின் நெருக்குதல் அங்கே எவ்வளவு என்று புரியும். கூடாரம் போட இடம் தேடுபவர்களுக்கு இவையெல்லாம் எழுதி வைத்த அறிவிப்புப் பலகைகள்.

பனிச்சரிவு சிறியதாக இருந்தாலும், அது எங்கே கொண்டுபோய்ச் சேர்க்கிறது என்பது உயிர்க் கேள்வி. திறந்த வெளியில் பரவி நின்றால் முழங்கால் அளவு பனி. அதே பனி ஓடைப் பள்ளத்துக்குள் இறங்கினால் ஆளுயரத்துக்கு மேல் மூடும். பாறை விளிம்புக்குத் தள்ளினால் புதைவதற்கு முன்பே முடிந்துவிடும். திரௌபதி கா டாண்டாவில் பனிப்பிளவு செய்தது அதைத்தான்.

வங்கக் கடலிலிருந்து வந்த பனி

இமயமலையை ஒரே மலையாகப் பேசுவது வசதிதான், சரியில்லை. மணாலியில் 1969-இல் தொடங்கிய பனி, பனிச்சரிவு ஆய்வு நிறுவனம் (2020 முதல் சண்டிகரைத் தலைமையிடமாகக் கொண்ட பாதுகாப்புப் புவித்தகவல் ஆய்வு நிறுவனத்தோடு இணைந்துவிட்டது) மேற்கு இமயத்தை மூன்றாகப் பிரித்துப் பார்த்தது. பீர் பாஞ்சால் அடங்கிய கீழ் இமயத்தில் பனி கனமாக, ஈரமாக, நிறைய விழும். பொழிவு நடக்கும்போதும் முடிந்த ஓரிரு நாட்களிலும் சரிவுகள் அதிகம். லடாக்கும் கரகோரமும் சேர்ந்த மேல் இமயத்தில் பொழிவு குறைவு, குளிர் கடுமை. சர்க்கரை அடுக்கு அங்கே மாதக்கணக்கில் வாழும். நடு இமயம் இரண்டின் குணத்தையும் கலந்து காட்டும். பீர் பாஞ்சாலில் இரண்டு நாள் பொறுத்தால் பனி அமர்ந்துவிடும் என்று கற்றுக்கொண்டவர் அதே பாடத்தை லடாக்குக்குக் கொண்டுபோனால் ஏமாறுவார்.

குளிர்காலப் பனியை மேற்கு இமயத்துக்குக் கொண்டுவருவது மத்தியதரைக் கடல் பக்கமிருந்து வரும் மேற்கத்தியக் காற்றழுத்த அலைகள். ஆனால் நம் கடலுக்கும் இதில் பங்கு உண்டு என்பதை 2014 காட்டியது. அக்டோபர் 12 அன்று ஹுட்ஹுட் புயல் விசாகப்பட்டினத்தில் கரை கடந்தது. ஆந்திரக் கடற்கரையைச் சின்னாபின்னமாக்கியதைத் தமிழ்ப் பத்திரிகைகள் பக்கம் பக்கமாக எழுதின. புயலின் எச்சம் வடக்கே நகர்ந்து, இரண்டு நாள் கழித்து நேபாளத்தின் அன்னபூர்ணா மலைகளில் மோதியதை இங்கே அதிகம் பேர் கவனிக்கவில்லை. அக்டோபர் நேபாளத்தின் டிரெக்கிங் பருவம். வானம் தெளிவாக இருக்கும் என்று நம்பி உலகம் முழுவதிலிருந்தும் ஆட்கள் வரும் மாதம். 5,416 மீட்டர் உயரத் தோரோங் கணவாயைச் சுற்றிலும் ஒரே நாளில் பனி கொட்டித் தீர்த்தது. பனிப்புயலிலும் பனிச்சரிவிலும் 43 பேர் இறந்தார்கள். வெளிநாட்டுப் பயணிகள், நேபாள வழிகாட்டிகள், சுமைதூக்கிகள். புயல் எங்கே போகிறது என்பது கணிக்கப்பட்டிருந்தது. பாதையில் நடந்துகொண்டிருந்தவர்களுக்கு அந்தச் செய்தி போய்ச் சேரவில்லை. வங்கக் கடலில் சின்னம் உருவானால் நாகப்பட்டினத்தில் கூண்டு ஏற்றுகிறோம். அக்டோபர், நவம்பரில் இமயத்துக்கு டிக்கெட் எடுத்தவர்களும் அந்தக் கூண்டைப் பார்ப்பது நல்லது.

பனி விழுந்து முடிந்து வானம் வெளுத்ததும் எல்லோருக்கும் கால் பரபரக்கும். அந்த நேரத்தில் காற்று இன்னும் வேலையை முடித்திருக்காது. முகட்டின் ஒரு பக்கமிருந்து பனியை அரித்து மறுபக்கம் கொட்டிக்கொண்டிருக்கும். வானத்திலிருந்து விழுவதைவிடப் பல மடங்கு வேகத்தில் ஒரு சரிவை அது நிரப்பிவிடும். முகட்டிலிருந்து கொடி பறப்பதுபோலப் பனித்தூள் வீசுவது தெரிந்தால், காற்று மறைந்த பக்கத்துச் சரிவு கனத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். அதே பக்கம் முகட்டு விளிம்பில் பனி தாழ்வாரமாக வெளியே நீண்டிருக்கும். படம் எடுக்க அதன் நுனிக்குப் போகிறவர்கள் தங்கள் காலுக்கடியில் பாறை இருப்பதாக நினைக்கிறார்கள். தாழ்வாரம் உடையும்போது நுனியோடு நிற்பதில்லை, எதிர்பார்த்ததைவிட உள்ளே தள்ளி உடையும்.

வசந்தத்தின் ஆபத்து வேறு வகை. பகல் வெயில் பனிக்குள் தண்ணீராக இறங்கி அடுக்குகளின் பிடியை அவிழ்க்கும். இரவுக் குளிர் மீண்டும் பூட்டும். மே மாதத்தில் கணவாய் கடக்கும் குழுக்களை விடியற்காலை 2, 3 மணிக்கு எழுப்பிக் கிளப்புவது சூரிய உதயப் படத்துக்காக என்று பலர் நினைத்திருக்கிறார்கள். உண்மையில் அது, வெயில் ஏறுவதற்குள் சரிவைத் தாண்டிவிட வேண்டும் என்பதற்காக. பூட்ஸ் கணுக்கால் தாண்டிப் புதையத் தொடங்கினாலோ, சரிவிலிருந்து பனி உருண்டைகள் தாமாக உருண்டு வரத் தொடங்கினாலோ, அன்றைக்கு அந்தச் சரிவின் கடை மூடியாயிற்று.

பனி தன் நிலைமையை மறைப்பதில்லை. பக்கத்துச் சரிவில் புதிதாக ஒன்று இறங்கிய தடம் இருந்தால் அதைவிடப் பெரிய எச்சரிக்கை வேண்டியதில்லை. நடக்கும்போது காலடியில் 'ஹும்ப்' என்று ஓர் அமுங்கிய ஓசை கேட்டால், உள்ளே ஓர் அடுக்கு நொறுங்கி உட்கார்ந்திருக்கிறது. காலிலிருந்து விரிசல் கோடுகள் அம்பாக ஓடினால் பலகை தயாராக இருக்கிறது. ஒரே நாளில் 30 சென்டிமீட்டர் புதுப்பனி, அல்லது திடீர் வெப்பம், இரண்டும் அதே கணக்கில் சேரும். இவற்றுக்கு ஆய்வுக்கூடம் வேண்டாம். காதும் கண்ணும், இயர்ஃபோனைக் கழற்றும் மனமும் போதும்.

எச்சரிக்கை இருந்தது

2025 பிப்ரவரி 27 மாலை. முன்பு சொன்ன சண்டிகர் ஆய்வு நிறுவனம் உத்தரகண்டின் சமோலி உள்ளிட்ட மலை மாவட்டங்களில் 2,400 மீட்டருக்கு மேல் பனிச்சரிவு அபாயம் என்று அறிவித்தது. மறுநாள் காலை, பத்ரிநாத்துக்கும் மானாவுக்கும் இடையே எல்லைச் சாலைத் தொழிலாளர்கள் தங்கியிருந்த முகாம் மீது பனி இறங்கியது. 54 பேர் சிக்கினார்கள். 46 பேரை மீட்டார்கள், 8 பேர் இறந்தார்கள். அவர்கள் தங்கியிருந்த இரும்புக் கன்டெய்னர்களுக்குள் மூச்சுவிடக் காற்று மிஞ்சியது பலரைக் காப்பாற்றியது. வேலைக்காக அங்கே இருந்தவர்களை யாரும் குறை சொல்ல முடியாது. முகாமை எங்கே வைப்பது, எப்போது காலிசெய்வது என்று தீர்மானித்தவர்களிடம் கேட்க வேண்டிய கேள்வி அது.

சுற்றுலாப் பயணிகளின் கதை அப்படி இல்லை. 2023 ஏப்ரல் 4 அன்று சிக்கிமில் நாதுலா போகும் ஜவாஹர்லால் நேரு சாலையில் பனி சரிந்து 7 பேர் இறந்தார்கள். அன்றைக்கு வண்டிகளுக்கு அனுமதி 13-ஆவது மைல் வரைக்கும்தான். சம்பவம் நடந்தது 15-ஆவது மைலில்.

சண்டிகர் நிறுவனம் வெளியிடுவது போன்ற அபாய அறிவிப்புகள் மாவட்டத்தையும் உயர வரம்பையும் சொல்லும். உங்கள் கூடாரத்துக்கு மேலே இருக்கும் சரிவைச் சொல்லாது, சொல்லவும் முடியாது. ஐரோப்பாவில் 1993 முதல் ஒரே அளவுகோலாக வழங்கிவரும் 1 முதல் 5 வரையிலான அபாய நிலைகளில், சாவுகளில் பெரும்பங்கு 5-இல் நடப்பதில்லை. 5 என்றால் ஆட்கள் வீட்டில் இருந்துவிடுகிறார்கள். 3-ஆம் நிலையில்தான் உயிர்கள் அதிகம் போகின்றன. நடுவில் இருக்கும் எண் 'பரவாயில்லை' என்று காதில் விழுகிறது. உண்மையில் ஒவ்வொரு படியிலும் அபாயம் பெருகிக்கொண்டே போகிறது. ஆள் கால் பட்டு அறுபடும் வாய்ப்பு 3-இலேயே கணிசம்.

முதல் பத்து நிமிடம்

2016 பிப்ரவரி 3-ஐத் தமிழ்நாடு மறந்திருக்காது. சியாச்சினில் ஏறக்குறைய 19,600 அடி உயரத்திலிருந்த சோனம் காவல்நிலையின் மேல் பெரும் பனிச்சுவர் சரிந்து, 19-ஆவது மெட்ராஸ் பட்டாலியனின் பத்து வீரர்கள் புதைந்தார்கள். வேலூர், தேனி, மதுரை, கிருஷ்ணகிரி மாவட்டங்களைச் சேர்ந்த நான்கு பேர் அதில் இருந்தார்கள். ஆறாம் நாள், ஏறக்குறைய 25 அடி ஆழத்தில், கர்நாடகத்தின் லான்ஸ் நாயக் ஹனுமந்தப்பா உயிரோடு கிடைத்தார். நாடே பிரார்த்தனை செய்தது. பிப்ரவரி 11 அன்று டெல்லி ராணுவ மருத்துவமனையில் அவர் இறந்தார்.

அந்த ஆறு நாட்கள் நம் மனதில் ஒரு தவறான கணக்கை எழுதிவிட்டன என்று எனக்குத் தோன்றுகிறது. உடைந்த கூடாரத்துக்குள் தங்கிய காற்று அவருக்குக் கிடைத்தது. திறந்த சரிவில் புதைகிறவருக்கு அது கிடைக்காது. முழுமையாகப் புதைந்தவர்களைப் பற்றிய ஐரோப்பிய ஆய்வுகளின்படி, முதல் பத்து நிமிடத்துக்குள் வெளியே எடுத்தால் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். அரை மணி தாண்டினால் மூன்று பேர். பெரும்பாலோர் சாவது குளிரால் அன்று, மூச்சுத் திணறலால். விட்ட மூச்சே முகத்தைச் சுற்றிப் பனி ஓடாக உறைந்து காற்றை அடைக்கிறது. ஓடும்போது நீர்போல இருந்த பனி நின்றதும் இறுகி, விரலைக்கூட மடக்க விடாது. எந்தப் பக்கம் வானம், எந்தப் பக்கம் தரை என்பதுகூடத் தெரியாது.

பத்து நிமிடத்துக்குள் இமயத்தின் எந்த மூலைக்கும் ஹெலிகாப்டர் வராது. அருகில் சாலை இருந்தாலும் மீட்புக் குழு வந்து சேராது. காப்பாற்றக்கூடியவர்கள் அந்த இடத்தில் நிற்கும் உங்கள் கூட்டாளிகள் மட்டுமே. அதற்கு மூன்று பொருள் வேண்டும், ஒவ்வொருவரிடமும். 457 கிலோஹெர்ட்ஸில் சமிக்ஞை அனுப்பும், பெறும் பீக்கன் உடம்போடு கட்டியிருக்க வேண்டும். பைக்குள் இருந்தால் பை போன இடத்தைத்தான் காட்டும். குத்திப் பார்க்க நீளமான மடக்குக் கம்பி. தோண்ட உலோக மண்வெட்டி. கையால் தோண்டலாம் என்று நினைப்பவர்கள், ஒரு மீட்டர் ஆழத்தில் கிடப்பவரை எடுக்க ஒரு டன்னுக்குக் குறையாத இறுகிய பனியை அள்ள வேண்டியிருக்கும் என்பதைக் கணக்கில் கொள்ளட்டும். கைபேசியும் ஸ்மார்ட் வாட்சும் பீக்கனின் சமிக்ஞையைக் கெடுக்கும். நடக்கும்போது அவற்றை 20 சென்டிமீட்டர், தேடும்போது 50 சென்டிமீட்டர் தள்ளி வைப்பது விதி. பைக்குள் காற்றுப்பை பொருத்திய முதுகுப்பைகளும் உண்டு. ஓடும் துகள்களுக்கிடையே பெரிய உருப்படி மேலே வரும் என்ற இயற்பியலை நம்பி இயங்குபவை. விலை கூடுதல். இருந்தும், மரத்திலோ பாறையிலோ மோதுகிறவரை எந்தக் காற்றுப்பையும் காக்காது. அடிபட்டே இறப்பவர்கள் நாலில் ஒருவர் வரை.

யாராவது சிக்கினால் செய்ய வேண்டிய முதல் காரியம், அவர் கடைசியாகக் கண்ணில் பட்ட இடத்தைப் பார்வையில் பிடித்து வைத்துக்கொள்வது. உதவிக்கு ஆள் கூப்பிடக் கீழே ஓடுவது அன்று. அந்த இடத்திலிருந்து கீழ்நோக்கித் தேட வேண்டும். சிக்கியவர் ஊன்றுகோலை உதறி, ஓரத்தை நோக்கி அடித்துப் புரண்டு போராட வேண்டும். பனி வேகம் குறையும்போது கையை முகத்தின் முன் கொண்டுவந்து ஒரு மூச்சிடம் உண்டாக்க வேண்டும். நின்ற பிறகு அது முடியாது.

சந்தேகமான சரிவைக் கடந்தே தீர வேண்டும் என்றால் ஒவ்வொருவராகக் கடப்பது பழைய விதி. ஒருவர் போகும்போது மற்றவர்கள் பத்திரமான இடத்திலிருந்து அவரையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். முப்பது பேர் வரிசையாக, முன்னால் போகிறவரின் குதிகாலைப் பின்னால் வருபவர் மிதிக்கும் நெருக்கத்தில் நடக்கும் டிரெக்கிங் படங்களைப் பார்க்கும்போது எனக்குப் பதறுகிறது.

விடுப்பு, டிக்கெட், உச்சி

பனி கொடுக்கும் துப்பெல்லாம் தெரிந்தும் ஏன் போகிறார்கள்? அமெரிக்க ஆய்வாளர் இயன் மெக்கமன் எழுநூறுக்கும் மேற்பட்ட விபத்துகளை எடுத்துப் பார்த்தார். அபாயத்தின் அடையாளங்கள் கண்முன் இருந்தும், பயிற்சி பெற்றவர்களும் சரிவுக்குள் நுழைந்திருந்தார்கள். பழகிய இடம் என்ற தைரியம். ஏற்கெனவே முடிவு செய்துவிட்டோம் என்ற பிடிவாதம். கூட்டத்தில் ஒருவரை 'எல்லாம் தெரிந்தவர்' என்று விட்டுவிடுவது. நாலு பேர் மெச்ச வேண்டும் என்ற ஆசை. மற்றவர்களும் போகிறார்களே என்ற சமாதானம். புதுப்பனியில் முதல் தடம் நமதாக வேண்டும் என்ற அவசரம்.

தெற்கிலிருந்து போகிறவர்களுக்கு இந்தப் பட்டியலில் நான் இன்னொன்று சேர்ப்பேன்: தூரம். சென்னையிலிருந்து டேராடூன் போய், அங்கிருந்து ஒரு பகல் முழுக்க வண்டியில் குலுங்கி சாங்க்ரி கிராமத்தை அடைந்து, கேதார்கந்தா ஏறத் தொடங்குகிறார்கள். அலுவலகத்தில் கெஞ்சி வாங்கிய ஒரு வார விடுப்பு. திரும்பும் விமான டிக்கெட் மூன்று மாதம் முன்பே எடுத்தது, பணம் திரும்பாது. உச்சி ஏறும் நாள் எது என்பது பனி விழுவதற்கு முன்பே அட்டவணையில் அச்சாகிவிடுகிறது. அந்த நாளன்று சரிவு எப்படி இருக்கிறது என்று பார்த்து முடிவெடுக்க யாருக்கும் இடமில்லை. மணாலிக்காரனுக்கு அடுத்த வாரம் உண்டு. மயிலாப்பூர்க்காரனுக்கு அடுத்த வருஷம்தான். ஏறாமல் திரும்பினால் வாட்ஸ்அப் குழுவில் என்ன சொல்வது என்ற கவலை வேறு.

நடத்துபவர்களின் பிரச்சினையும் இங்கிருந்தே தொடங்குகிறது. இணையத்தில் ஒவ்வொரு பாதைக்கும் 'எளிது', 'நடுத்தரம்', 'கடினம்' என்று தரம் போட்டிருப்பார்கள். அந்தத் தரம் உங்கள் காலையும் நுரையீரலையும் பற்றியது. ஏப்ரலில் எளிதான ஒரு பாதையின் மேல் ஜனவரியில் என்ன தொங்குகிறது என்பதை அது சொல்லாது. மைக்ரோஸ்பைக், கெய்ட்டர், ஆக்சிஜன் சிலிண்டர் என்று பட்டியல் போடும் விளம்பரங்களில் பீக்கன், கம்பி, மண்வெட்டி மூன்றையும் தேடிப் பாருங்கள். கண்ணில் பட்டால் அந்த நிறுவனத்தின் மேல் மதிப்புக் கூடலாம். குல்மார்க் பக்கம் பனிச்சறுக்குக்கு வரும் வெளிநாட்டவர்கள் பலர் அவற்றைக் கட்டிக்கொண்டே வருகிறார்கள். அங்கேயும் 2023 பிப்ரவரி 1 அன்று அஃபர்வத் மலையில் சரிவு வந்து போலந்துக்காரர்கள் இருவர் இறந்தார்கள். மற்ற வெளிநாட்டவர் 19 பேரை மீட்க முடிந்தது. 2010 பிப்ரவரியில் அதே குல்மார்க்கில், பனிமலைப் போர்முறையைக் கற்றுத்தரும் ராணுவப் பள்ளியைச் சேர்ந்த 17 வீரர்கள் சரிவில் இறந்ததும் நினைவில் வைக்க வேண்டியது. கருவியும் பயிற்சியும் சரிவை நிறுத்துவதில்லை. அவை பிழைக்கும் கணக்கை மாற்றுகின்றன.

ஆகவே பணம் கட்டுவதற்கு முன் சில கேள்விகளைக் கேட்டுவிடுங்கள். பாதையில் 30 டிகிரிக்கு மேல் சாய்ந்த சரிவு எங்கெங்கே வருகிறது, அதைச் சுற்றிப் போக மாற்றுவழி உண்டா? பனிச்சரிவு அறிவிப்பை யார், எப்போது பார்க்கிறார்கள், கைபேசி அலைவரிசை இல்லாத முகாமுக்கு அது எப்படி வந்து சேரும்? வழிகாட்டிக்குப் பீக்கன் பயிற்சி உண்டா? திரும்பலாம் என்று சொல்லும் அதிகாரம் அவரிடமா, அலுவலகத்திடமா? பதில் சுற்றி வளைத்து வந்தால் வேறு நிறுவனம் பாருங்கள்.

கடைசிக் கேள்வி பணத்தைப் பற்றியது. பனி நிலைமை சரியில்லை என்று உச்சிக்கு முன்பே திருப்பினால் கட்டணத்தில் எவ்வளவு திரும்பக் கிடைக்கும், காத்திருக்க ஒரு நாள் அட்டவணையில் உபரியாக இருக்கிறதா என்று எழுத்தில் வாங்குங்கள். உபரி நாள் இல்லை என்றால் திரும்பும் டிக்கெட்டை நீங்களே ஒரு நாள் தள்ளிப் போட்டு எடுத்துக்கொள்ளுங்கள். டேராடூனில் ஓர் இரவு தங்கும் செலவுதான்.